கென்னத் ஆண்டர்சன்: ஆட்கொல்லிகளின் கதை சொன்னவர்

வேட்டைக்காரர் ஒருவரின் வாழ்வை இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் எழுதப் புகுந்தது எதற்காக என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நம் பெருமுக்கல் மலையடியிலும், கிழக்கே மரக்காணத்து உப்பளக் கரையிலும் நரியைவிடப் பெரிய கொடுவிலங்கைக் கண்டவர் நம்மில் எவருமிலர். புலி நமக்குப் பாட்டில் வரும் உவமை, கோயில் தூணில் நிற்கும் சிற்பம், அவ்வளவே. ஆயினும் நாளிதழைத் திறந்தால் வாரத்துக்கு ஒருமுறையேனும் ஏதோ ஓர் ஊரில் சிறுத்தை அட்டகாசம் செய்கிறது. கோழியைத் தூக்கினாலும் அட்டகாசம், சாலையைக் கடந்து போனாலும் அட்டகாசம். இச்சொல்லாட்சி நம் மனத்தில் எப்படி ஊன்றியது என்று எண்ணிப் பார்க்கையில், ஆட்கொல்லி என்னும் ஒரு சொல்லால் உலகப் புகழ் பெற்று, அந்தச் சொல்லுக்குள் அடங்காத உண்மையைத் தம் வாழ்நாள் முழுதும் சொல்ல முயன்ற ஒருவர் நினைவுக்கு வருகிறார். அவர் கதைகளின் களம் பெரும்பாலும் நம் தமிழ் மண்ணே என்பது மற்றொரு காரணம்.

கென்னத் ஆண்டர்சன் 1910ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் செகந்திராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து வழியில் வந்த குடும்பம். ஆனால் அவருக்கு முன்னரே பல தலைமுறைகள் இந்திய மண்ணில் வாழ்ந்து மடிந்திருந்தன. தந்தையார் படைத்துறையின் ஊதியக் கணக்கலுவலகத்தில் அதிகாரி. துப்பாக்கியும் காடும் மகனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து. பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் பயின்றார். பின்னர்த் தபால் தந்தித் துறையில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளும், அதன்பின் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் நிர்வாகப் பொறுப்பிலும் பணிபுரிந்தார். மாதச் சம்பளக்காரர், விடுமுறைக்குக் காத்திருந்தவர். மகாராசாக்களைப் போல யானைமேல் அம்பாரி கட்டி வேட்டைக்குப் போனவர் அல்லர். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் முடிந்ததும் தம் ஸ்டூடிபேக்கர் மோட்டாரில் புறப்பட்டு, இருட்டுமுன் காட்டின் விளிம்பைத் தொட்டுவிடும் நகரவாசி அவர். அவருடைய கதைகளில் நகரமும் காடும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே நிற்பதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெங்களூரிலிருந்து தெற்கே இறங்கினால் ஓசூர். அதனைத் தாண்டினால் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி. இன்னும் கீழே பென்னாகரம், ஒகேனக்கல், காவிரி. அன்று இவையெல்லாம் சேலம் மாவட்டத்தின் பகுதிகள். 1965இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. மூங்கிற்புதரும் பாறையும் வறண்ட ஓடையுமாகக் கிடக்கும் இந்நிலப்பகுதிக்கும் புலிக்கும் உள்ள உறவு ஆண்டர்சனோடு தொடங்கியதன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களின் வயல்வரப்புகளில் இன்றும் புலிக்குத்திக் கற்கள் நிற்கின்றன. பாய்ந்து நிமிரும் புலி. அதன்மேல் வாளோ ஈட்டியோ பாய்ச்சும் வீரன். புலியோடு பொருது மாண்டவனுக்கு ஊரார் எடுத்த நடுகல் அது. ஓர் ஊரில் அத்தகைய கல் ஒன்றின்முன் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். சிற்பி புலியைச் சிறிதாக்கிவிடவில்லை. வீரனின் தோளுயரத்துக்கு அதனை எழுப்பியிருந்தான். மாண்டவனைப் பாட வந்தவன் புலியை இழிவு செய்யவில்லை என்பதை நம் கவிஞர்கள் மனத்தில் கொள்ளவேண்டும்.

ஆண்டர்சனின் முதல் நூல் 1954இல் இலண்டனில் வெளிவந்தது. ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு மதம்பிடித்த யானையும் என்று அதன் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். அடுத்தடுத்து நூல்கள் வந்தன. சிவனிப்பள்ளிக் கருஞ்சிறுத்தை பற்றிய நூல் 1959இல். பத்தாண்டுகளுக்கு முன்பே குமாயுன் மலைப் புலிகளைப் பற்றி எழுதி ஜிம் கார்பெட் உலகெங்கும் அறியப்பட்டிருந்தார், அந்நூலைத் தி. ஜ. ர. தமிழில் தந்தது நம் மூத்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். தெற்கத்திக் கார்பெட் என்று ஆண்டர்சனைச் சொல்வார்கள். பாராட்டாகச் சொன்னாலும் அது அவருக்கு நிழலாகவே அமைந்தது. கார்பெட்டின் நடை நிதானமும் அடக்கமும் கொண்டது. ஆண்டர்சனுடையதோ திண்ணையில் உட்கார்ந்து இரவெல்லாம் கதை சொல்பவரின் நடை. பேய் வரும், மந்திரவாதி வருவார், வாசகனைத் திகைக்க வைக்கும் ஆசை வெளிப்படையாகவே தெரியும். அவர் சொன்னதனைத்தும் நடந்ததுதானா என்று ஐயுறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அரசுப் பதிவுகளின்படி 1939க்கும் 1966க்கும் இடையே அவர் சுட்டு வீழ்த்திய ஆட்கொல்லிகள் எட்டுச் சிறுத்தைகளும் ஏழு புலிகளும் எனக் கணக்குச் சொல்லப்படுகிறது. சிறுத்தையே மிகுதி என்பது கவனிக்கத் தக்கது. புலி காட்டின் உள்ளே ஒதுங்கி வாழ்வது. சிறுத்தையோ நம் கொல்லைப்புறம்வரை வந்து, நாம் அறியாமலே திரும்பிச் செல்வது.

இவ்விடத்தில் சொல் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஆண்டர்சன் பாந்தர் என்று எழுதியதைப் படித்து, அது சிறுத்தையினின்று வேறான விலங்கு என்று எண்ணுவோர் உண்டு. இரண்டும் ஒன்றே, அக்கால இந்திய வேட்டைக்காரர்களின் வழக்கு அது. கருஞ்சிறுத்தையும் தனியினம் அன்று. மேனியில் கருமை மிகுந்து பிறந்த சிறுத்தையே. வெயில் பட்டால் அதன் புள்ளிகளும் தெரியும். நம் மொழியிலும் குழப்பத்துக்குக் குறைவில்லை. புலி என்ற ஒரே சொல்லில் வரிப்புலியையும் சிறுத்தையையும் அடக்கிவிடுகிறோம். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்குச் சிவிங்கிப்புலிகள் வந்தபோது அவற்றையும் சிறுத்தை என்றே எழுதியவர்கள் பலர். பெயர் தெரியாத விலங்கோடு எப்படி அண்டை வாழ்வது?

கதைக்கு வருவோம். ஆண்டர்சனின் படைப்புகளில் என்னை மிகவும் பாதித்தது கும்மளாபுரத்துச் சிறுத்தையின் வரலாறு. தளிக்கு அருகில் உள்ள ஊர் அது. அவ்வட்டாரத்தில் நாற்பதுக்கு மேற்பட்டவர்களை அந்த ஒரே சிறுத்தை கொன்றதாக அவர் எழுதுகிறார். அச்சத்தைவிட அச்சத்தின் அன்றாட விளைவுகளை அவர் சொல்லும் முறையே இங்குச் சிறப்பு. பொழுது சாயுமுன் கதவுகள் அடைபடுகின்றன. கூரையைப் பிரித்துக்கொண்டும் உள்ளே வரும் விலங்கு என்பதால் வீட்டுக்குள்ளும் உறக்கம் இல்லை. இரவில் இயற்கைக் கடனுக்கும் வெளியே போக முடியாமல் வீடுகள் நாறுகின்றன. பிணத்தை எடுக்கவும் ஆள் வருவதில்லை. இதில் வீரம் எதுவும் இல்லை. ஏழை எளியோர் வாழும் குடிசையின் மண்சுவரும் கூரையும் எவ்வளவு மெல்லியவை என்பதுதான் இருக்கிறது.

ஆண்டர்சன் தம் வின்செஸ்டர் 405 துப்பாக்கியோடு அங்கே இரவு இரவாகக் காத்திருக்கிறார். யாருக்கும் வேண்டாத ஊர்நாய் ஒன்று குளிருக்கு ஒதுங்கி அவரருகே வந்து ஒண்டிக்கொள்கிறது. மனிதக் காதுக்கு எட்டாத அரவம் அந்த நாய்க்கு எட்டியது. அதன் உறுமலே அவர் உயிரைக் காத்தது. சிறுத்தை வீழ்ந்தபின் அந்நாயை அவர் பெங்களூருக்கே கொண்டுபோய்விட்டார். கதையின் இன்பமான பகுதி இது. வாசகர்கள் பெரும்பாலும் இதனையே நினைவில் வைத்திருப்பர்.

ஆனால் அதற்கடுத்து ஒரு சிறு பகுதி உண்டு. இறந்த சிறுத்தையின் உடலை அவர் கூர்ந்து பார்க்கிறார். பாதவிரல்களின் இடையே முள்ளம்பன்றியின் முட்கள் ஒடிந்து உள்ளே தங்கி, சதை இறுகிக் கிடக்கிறது. பதுங்கவும் பாயவும் பாதமே முதலாக உடைய விலங்குக்கு அது எத்தகைய வேதனை! மானைத் துரத்த இயலாத கால்கள் மனிதனைத் தேடி வந்தன. நாற்பது உயிர்களுக்குப் பின்னால் இருந்தவை ஒடிந்த முட்கள் சில. பழிவாங்கும் பேயென்று ஊரார் நடுங்கிய ஒன்றை அவர் நோயுற்ற விலங்காகக் காட்டிவிட்டார். கதையின் சுவை அங்கே குறைந்துவிடும் என்று அவர் அறியாதவரா? அறிந்தே எழுதினார்.

ஜவளகிரிப் பெண்புலியின் கதையில் பழி இன்னும் நேராக மனிதனையே வந்தடைகிறது. அதன் இணையைத் திருட்டு வேட்டைக்காரர் சுட்டனர். பின்னர், குறி தவறிய ஒருவரின் தோட்டா அதனைக் காயப்படுத்தியது. அதன் பிறகே அது மனிதர்மேல் திரும்பியது. சூலகுண்டாவில் பாழ்பட்ட கோயிலின் அருகே, நிலவொளியில், ஆண்புலியின் குரலைத் தாமே எழுப்பி அதனை வரவழைத்துச் சுட்டதாக ஆண்டர்சன் எழுதுகிறார். இணையைத் தேடி வந்த விலங்கை அந்தத் தேட்டத்தைக் கொண்டே ஏமாற்றிக் கொன்றது அவருக்கே உறுத்தியிருக்கிறது. அவர் எழுத்தில் வெற்றிக்களிப்பு இல்லை. கார்பெட் கண்டதும் இவ்வகையே. ருத்ரபிரயாகைச் சிறுத்தை 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்றது. கொள்ளைநோயில் இறந்தவர்களை எரிக்க இயலாமல் மலைச்சரிவில் விட்டதே சிறுத்தைகளுக்கு மனித ஊனின் சுவையை அறிமுகப்படுத்தியது என்பது கார்பெட்டின் கருத்து.

இவற்றையெல்லாம் ஆண்டர்சன் தனியே கற்றவர் அல்லர். சின்னாற்றங்கரையில் மண்ணைக் குடைந்த பொந்தொன்றில் மனைவி மக்களோடு வாழ்ந்த பைரா என்னும் பூசாரிப் பழங்குடியினர் அவருக்குத் தடம் பார்க்கக் கற்பித்தார். பென்னாகரத்து ரங்கா மற்றொருவர். இருவருமே உரிமம் இல்லாமல் வேட்டையாடியவர்கள். சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள். ஆண்டர்சன் அதனை மறைக்கவுமில்லை, அவர்களைத் தாழ்த்தவுமில்லை. தம்மைவிடப் பைராவே சிறந்த வனவாசி என்று பல இடங்களில் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் நூலின் அட்டையில் யார் பெயர் இருந்தது, அரசுப் பதிவில் யார் பெயர் இருந்தது என்பதை நாம் கேட்காமல் இருக்க இயலாது. உயிரைப் பணயம் வைத்துப் புதருக்குள் முதலில் நுழைந்தவர் துப்பாக்கி இல்லாதவராகவே இருந்திருக்கிறார்.

ஆண்டர்சனைப் புனிதராக்குவதும் பொருந்தாது. இளமையில் விளையாட்டுக்காகவும் சுட்டவர் அவர். அக்காலத்து வேட்டைக்காரர் பலரையும் போல, காடு வற்றாத ஊற்று என்று அவரும் நம்பியிருந்தார். மாற்றம் மெல்ல வந்தது. பிற்கால நூல்களில் துப்பாக்கியின் இடத்தைக் கேமராவும், வெறுமனே இரவைக் கேட்டுக்கொண்டிருக்கும் இன்பமும் பெறுகின்றன. மோட்டாரில் விளக்கடித்துக் கண் கூசி நிற்கும் மானைச் சுடுவோரையும், ஆற்றில் வெடி வீசி மீன் பிடிப்போரையும், இரைபட்ட மாட்டின் உடலில் நஞ்சு தடவிப் புலியைக் கொல்வோரையும் கடிந்து எழுதினார். பயிருக்கென்று வந்த பூச்சிமருந்து காட்டுக்குள் புகுந்த காலம் அது. ஆட்கொல்லிகளைவிட அமைதியாக, பெயரெடுக்காமல் கொன்ற நஞ்சு.

நாடு விடுதலை பெற்றபின் அவரைப் போன்ற குடும்பங்கள் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின. ஆண்டர்சன் போகவில்லை. தமிழும் கன்னடமும் பேசிக்கொண்டு பெங்களூரிலேயே இருந்தார். 1972இல் நடந்த புலிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதிலும் 1,827 மட்டுமே எஞ்சியிருப்பதாகத் தெரிந்தது. அவ்வாண்டே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரலில் புலிகள் திட்டம் தொடங்கியது. 1974 ஆகஸ்டு 30ஆம் நாள், புற்றுநோயால், அறுபத்து நான்காம் வயதில் அவர் காலமானார். பெங்களூரின் தென்விளிம்பிலுள்ள பன்னேருகட்டா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அவருடைய கடைசி நூலொன்று அவர் மறைவுக்குப் பின் 1976இல் வெளிவந்தது.

அவர் அறிந்த பெங்களூர் இன்று இல்லை. ஆனால் சிறுத்தை இருக்கிறது. நகரைச் சுற்றியுள்ள காட்டுத்துண்டுகளிலும் பாறைக்குன்றுகளிலும் 80 முதல் 85 சிறுத்தைகள் வாழ்வதாக அண்மையில் கேமராப் பொறிகள் வைத்து எடுத்த கணக்கு கூறுகிறது. மும்பை மாநகரின் நடுவே ஏறக்குறைய நூறு சதுர கிலோமீட்டர்ப் பூங்காவிலும் அவை வாழ்கின்றன. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டில் 13,874 சிறுத்தைகள். தமிழ்நாட்டில் மட்டும் 1,070. நாள்தோறும் ஆயிரக்கணக்கான ஊர்களின் ஓரமாக நடந்துபோகும் இவ்விலங்குகளில் மிகப் பெரும்பாலானவை எவரையும் தீண்டுவதில்லை. குப்பைமேடு நாயைக் கூட்டுகிறது. நாய் சிறுத்தையை அழைக்கிறது. 2016 பிப்ரவரியில் பெங்களூரின் பள்ளியொன்றில் சிறுத்தை புகுந்தபோது சிலர் காயமடைந்தனர். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர் குறைவு. சுற்றிலும் கூச்சலும் கூட்டமும். நடுவில் வெளியேற வழி தேடிய விலங்கு.

ஆண்டர்சன் ஒடிந்த முள்ளில் கண்டதை இக்காலத்து ஆய்வாளர்கள் வேறு வகையில் கண்டுள்ளனர். மகாராட்டிரத்தின் ஜுன்னர் வட்டாரத்தில், 2001ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஊருக்குள் தென்பட்ட சிறுத்தைகளையெல்லாம் கூண்டில் பிடித்துத் தொலைவிலுள்ள காடுகளில் விட்டார்கள். மக்கள் வேண்டிக்கொண்டது அதுவே. நல்லெண்ணத்தோடு செய்ததும் அதுவே. விளைவு எதிராயிற்று. பிடித்த இடத்திலும் விட்ட இடத்தின் அருகிலும் மனிதர்மேல் தாக்குதல்கள் பெருகின. இடம் தெரியாமல், இரை தெரியாமல் அலைந்த விலங்கு கும்மளாபுரத்துச் சிறுத்தையின் நிலையை எய்தியது. காலில் முள் இல்லை என்பதே வேறுபாடு. அதே மாநிலத்தின் அகோலே பகுதியில், காடே இல்லாத கரும்பு வயல்களுக்கு நடுவே சிறுத்தைகள் குட்டி ஈன்று, நாயையும் பன்றியையும் தின்று, ஆண்டுக்கணக்கில் மனித உயிரைத் தொடாமல் வாழ்வதையும் ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா முதலியோர் பதிவு செய்தனர்.

ஆகவே அரசும் ஊரும் செய்யவேண்டியவை எளியவையாகவே உள்ளன: ஆட்டுப்பட்டிக்கு மேற்கூரையும் தாழிட்ட கதவும், அந்தியில் குழந்தைகளைத் தனியே அனுப்பாமை, வீட்டுக்குள் கழிப்பறை, தெருவிளக்கு, குப்பையை அகற்றுதல், ஆடு மாடு இழந்தவனுக்குக் காலந்தாழ்த்தாத இழப்பீடு. கடைசியாகச் சொன்னதே கடினம் என்று மலையடி ஊர்களில் கேட்டால் சொல்வார்கள். ஓர் ஆட்டின் விலை ஒரு குடும்பத்தின் மாதச் செலவு. இழப்பீட்டுக்கு ஐந்து முறை பேருந்தேறி அலுவலகத்துக்கு நடந்தவன் ஆறாம் முறை நஞ்சைத் தேடுவான். அவன்மேல் கோபப்படும் உரிமை பட்டணத்திலிருந்து சிறுத்தையைப் பாடும் நமக்கு இல்லை.

ஆண்டர்சன் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. எட்டுச் சிறுத்தைகளின் கதையை அத்தனை திறமையாகச் சொன்னவர், யாரையும் தொடாமல் கடந்துபோன எண்ணற்ற சிறுத்தைகளுக்கு அதே அளவு பக்கங்களை ஒதுக்கவில்லை. கதை என்பது கெட்டது நடக்கும்போதுதான் தொடங்குகிறது என்ற பழக்கம் அவரையும் கட்டிப்போட்டது. நம்மையும் கட்டிப்போட்டிருக்கிறது. ஒடிந்த முள்ளைச் சொன்ன பகுதியை வாசகர் மறந்தனர். தலைப்பில் இருந்த பிசாசை மறக்கவில்லை. நம் வட்டத்தில் படிக்கப்பட்ட கவிதைகளிலும் புலி வரும்போதெல்லாம் அது சினத்துக்கும் வன்மைக்கும் மட்டுமே நின்றது என்பதை ஒரு முறை நானே குறித்துவைத்தேன். என் பாடலும் அதில் ஒன்று.

கடந்த 2014இல், ஆண்டர்சன் நடந்த அந்த ஓசூர்–தருமபுரிக் காடுகளில் ஒரு பெரும்பகுதியைக் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அதனோடு சேர்ந்தது. ஜவளகிரி, அஞ்செட்டி என்று அவர் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி வைத்த ஊர்ப்பெயர்களை இன்று வனத்துறையின் பலகைகளில் தமிழில் படிக்கலாம். யானைகள் கூட்டமாக அவ்வழியே கர்நாடகத்துக்கும் இங்குமாகச் சென்று வருகின்றன. சிறுத்தைகள் இரவில் சாலையைக் கடக்கின்றன. சின்னாறு முன்போலவே, மழை பெய்தால் ஓடிச்சென்று ஒகேனக்கல்லில் காவிரியில் கலக்கிறது.